கடைக்கால் தோண்டுமுன் மண் ஆய்வு: சுயசான்றுப் படிவத்திலும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று முறையால், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவர்கள் அலுவலகப் படியேறாமல் இணையவழியிலேயே உடனடி அனுமதி பெறுகிறார்கள். நடுத்தரக் குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் பத்திரம், பட்டா, வரைபடம் எல்லாம் ஏற்றப்படும் இடத்தில், அந்த வீட்டைச் சுமக்கப்போகும் மண்ணைப் பற்றிய அறிக்கை கட்டாயமில்லை. மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்த பிறகு அடுக்குமாடிகள் மீது எல்லோருடைய கண்ணும் திரும்பியது. தனி வீடுகள் அப்படி ஒரே நாளில் விழுவதில்லை. மூன்றாவது, நான்காவது மழைக்காலத்தில் சுவர் பிளக்கும், கதவு சட்டத்தில் சிக்கும், தரை உள்வாங்கும். அது செய்தியாவதில்லை; வீட்டுக்காரரின் மாதத் தவணை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

“இந்த ஏரியாவில் எல்லாரும் அஞ்சுக்கு அஞ்சுதான் போடுறாங்க, அஞ்சடி ஆழம் போதும்” என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் முழு மண் ஆய்வு. மேஸ்திரியைக் குறை சொல்வதில் பயனில்லை. அவர் பார்த்த வீடுகள் நிற்கின்றன, அதனால் சொல்கிறார். ஆனால் பூட்டிங்கின், அதாவது தூணின் அடியில் பாரத்தை மண்ணில் பரப்பும் கான்கிரீட் பாதத்தின், அளவை ஏரியா தீர்மானிப்பதில்லை. தூணில் இறங்கும் பாரமும் மண்ணின் தாங்குதிறனும்தான் தீர்மானிக்கின்றன. பதினொன்றரை அடி இடைவெளியில் தூண்கள் நிற்கும் ஒரு மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். நடுத்தூண் ஒன்றில் ஏறத்தாழ 30 டன் இறங்கும். பூட்டிங்கின் சொந்த எடையையும் சேர்த்தால் 33 டன். மண்ணின் பாதுகாப்பான தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 20 டன் என்றால் நாலேகால் அடிச் சதுரம் போதும். 10 டன் என்றால் ஆறடிச் சதுரம் வேண்டும். 5 டன் என்றால் எட்டரை அடிச் சதுரம். அந்த நிலையில் தனித்தனி பூட்டிங்கையே விட்டுவிட்டு ராஃப்ட் (வீடு முழுவதற்கும் அடியில் ஒரே கான்கிரீட் பலகை) அல்லது பைலுக்கு (ஆழத்தில் இறக்கும் கான்கிரீட் தூண்) போவதுதான் முறை. இந்த மூன்று மண்ணும் ஒரே நகரில், சில சமயம் ஒரே தெருவில் இருக்கும். கோயம்புத்தூரில் செம்மண்ணும் கரிசலும் அடுத்தடுத்த வீதிகளில் மாறிவருவதைக் கட்டடத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள்.

எந்தக் கருவியும் இல்லாமல் பார்க்க வேண்டியவை முதலில். அ-பதிவேட்டிலும் சிட்டாவிலும் அந்த சர்வே எண் நஞ்சையா, புஞ்சையா என்று பாருங்கள். நஞ்சை என்றால் ஈரக் களிமண்ணை எதிர்பார்க்கலாம். அடங்கலில் பாசன ஆதாரமாகக் கிணறு இருந்தால், அந்தக் கிணறு இன்று எந்த மனைக்கு அடியில் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. கூகுள் எர்த்தில் அதே இடத்தின் பழைய ஆண்டுப் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தால் ஏரி, ஓடை, செங்கல் சூளைக் குழி, கல்குவாரி ஏதாவது இருந்திருந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அக்கம்பக்கத்துக் காம்பவுண்டு சுவர்களை நடந்து பாருங்கள். சுவர் லேசானது, கடைக்கால் ஆழம் குறைந்தது; மண் உப்பினாலும் சுருங்கினாலும் முதலில் அதுதான் காட்டும். கார்த்திகை மழை முடிந்தபின் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று கேட்டு, ஒரு பெரியவரிடம் அல்ல, இரண்டு மூன்று பேரிடம் கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சோதனைக் குழி. நாலடிக்கு நாலடி, வீடு வரும் இடத்திலேயே, ஆனால் தூண் வரும் புள்ளிகளைத் தவிர்த்துத் தோண்ட வேண்டும். ஐந்தடிக்குக் கீழே போனால் பக்கங்களுக்கு முட்டுக்கட்டை கொடுக்காமல் ஆளை இறக்கவே கூடாது. களிமண் சுவர் செங்குத்தாக, உறுதியாக நிற்பதுபோலத் தெரிந்து, எச்சரிக்கை ஏதுமின்றி ஒரே துண்டாகச் சரியும்.

குழியின் சுவரை மேலிருந்து கீழாகப் பாருங்கள். செங்கல் துண்டு, சாம்பல், பிளாஸ்டிக் கவர் கிடந்தால் அது கொட்டிய மண். எவ்வளவு ஆழம் வரை கிடக்கிறதோ அவ்வளவும் கணக்கில் இல்லாத மண். கருஞ்சாம்பல் நிறத்தில், அழுகல் வாடையோடு வழவழப்பாக இருந்தால் பழைய ஏரிப் படுகை. கரிசலில் மேலிருந்து இறங்கும் வெடிப்புகள் எத்தனை அடியில் நிற்கின்றன என்று ஒரு கம்பியை விட்டு அளந்துகொள்ளுங்கள். ஈரம் ஏறி இறங்கும் ஆழத்துக்கு அது ஒரு நேரடிச் சாட்சி. கீழே சுக்கான், சரளை, சிதைந்த பாறை தட்டுப்பட்டால் நல்லது. குழியின் அடியில் கட்டைவிரலை அழுத்திப் பாருங்கள். நகம் மட்டும் பதியும் களி மிக உறுதி. விரலை பலமாக அழுத்தினால்தான் பள்ளம் விழுகிறது என்றால் அதற்கு ஒரு படி கீழே. லேசாக அழுத்தியதும் விரல் உள்ளே போனால், எந்த விலைக்கும் அங்கே சாதாரண பூட்டிங் வேண்டாம்.

ஆனால் குழி மட்டும் போதாது. பூட்டிங்கின் பாரம் அதன் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம் வரை மண்ணை அழுத்தும். ஆறடி பூட்டிங் என்றால் அதன் அடியிலிருந்து இன்னும் 12 அடி. மேலே ஐந்தடி உறுதியான மண், அதற்குக் கீழே குழைந்த களி என்ற அமைப்பு நம் ஊர்களில் அரிதல்ல. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சுற்றியுள்ள பகுதிகளில் நடப்பது இதுதான். ஆகவே துளையிட்டுப் பார்க்க வேண்டும். ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணயம்) 1892 விதிப்படி சிறு கட்டடத்துக்கு நடுவில் ஒரு துளை போதும். இரண்டு போடுவதே நல்லது, எதிரெதிர் மூலைகளில். ஒரு பக்கம் கொட்டிய மண், மறுபக்கம் இயல்பான மண் என்ற ஆபத்து அப்போதுதான் வெளிப்படும். ஆழம் குறைந்தது 20 அடி. ஏரிக்கரை, நஞ்சை, கடலோரம் என்றால் 30 அடிக்கு மேல், அல்லது உறுதியான படிவம் கிடைக்கும் வரை.

துளை போடும்போது செய்யும் முக்கியச் சோதனை ஐ.எஸ். 2131 சொல்லும் ஊடுருவல் சோதனை. 63.5 கிலோ சுத்தியை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழச்செய்து, பிளவுக் குழாயை மண்ணுக்குள் அடிப்பார்கள். முதல் 15 செ.மீ. கணக்கில்லை. அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை அடி விழுந்தது என்பதே ‘என்’ மதிப்பு. ஒன்றரை மீட்டருக்கு ஒருமுறை இதை எடுக்க வேண்டும். மணலில் 10க்குக் கீழே வந்தால் தளர்ந்த மணல். களியில் 4க்குக் கீழே வந்தால் மென்களி. மனைக்காரர் அன்று அங்கே நிற்க வேண்டும். சுத்தி முழு உயரத்துக்கு ஏறுகிறதா, கயிறு உராயாமல் தடையின்றி விழுகிறதா என்று பாருங்கள். உயரம் குறைந்தால் அடி எண்ணிக்கை கூடும். மென்மண் காகிதத்தில் உறுதியான மண்ணாகிவிடும்.

காலமும் முக்கியம். மே மாதத்தில் காய்ந்து இறுகிய கரிசல் நல்ல எண்ணையே காட்டும். அதே மண் ஐப்பசி, கார்த்திகையில் நீரேறிக் குழைந்து கிடக்கும். மணலில் நீர்மட்டம் பூட்டிங்கின் அடிவரை உயர்ந்தால் தாங்குதிறன் ஏறத்தாழ பாதியாகிவிடும். கோடையில் எடுத்த அறிக்கை என்றால், மழைக்கால நீர்மட்டத்தை வைத்துத்தான் தாங்குதிறன் கணக்கிடப்பட்டிருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். கிணற்று நீர்மட்டம் விசாரித்து எழுதிவைத்த தாள் இங்கே உதவும்.

வேளாண்மைத் துறை தரும் மண்வள அட்டையைக் கொண்டுவந்து “டெஸ்ட் பண்ணியாச்சு” என்பவர்களும் உண்டு. தழை, மணி, சாம்பல் சத்துக் கணக்கு பயிருக்கு உதவும். தாங்குதிறன் பற்றி அதில் எதுவும் இராது. கட்டடத்துக்கான ஆய்வை பல பொறியியல் கல்லூரிகளின் சிவில் துறைகளும் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகங்களும் செய்கின்றன.

கையில் வரும் அறிக்கையைப் படிக்கவும் தெரிய வேண்டும். “எஸ்.பி.சி. (பாதுகாப்பான தாங்குதிறன்) 20 டன்” என்று ஒரே வரியில் முடியும் கடிதம் அறிக்கை அல்ல. துளை போட்ட இடம் குறித்த வரைபடம், தேதி, ஆழவாரியாக மண் வகை, ‘என்’ மதிப்புகள், நீர்மட்டம் ஆகியவை இருக்க வேண்டும். தாங்குதிறன் எந்த ஆழத்தில், எத்தனை அகல பூட்டிங்குக்கு, எவ்வளவு அமிழ்வை அனுமதித்துச் சொல்லப்பட்டது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஐந்தடி ஆழத்துக்குச் சொன்ன எண்ணை மூன்றடியில் பயன்படுத்தினால் அது பொய்க்கணக்கு. பிறகு ஒரு மாடி ஏற்றும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே பொறியாளரிடம் சொல்லிவிடுங்கள்.

கரிசலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோவில்பட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வட்டாரங்களில் அஸ்திவாரம் கெடுவதற்குத் தாங்குதிறனைவிட உப்பலே (ஈரம் ஏறி மண் வீங்குவது) பெரிய காரணம். பாரத்தால் வீடு இறங்குவது ஒன்று. மண் வீட்டைத் தூக்குவது வேறொன்று. அதனால்தான் இங்கே ஒற்றைத் தள வீடும், வாசற்படியும், கார் ஷெட்டும் மாடி வீட்டைவிட அதிகம் வெடிக்கின்றன: அவற்றுக்கு மண்ணை அழுத்திப் பிடிக்கும் எடை இல்லை. 13 அடி இடைவெளியுள்ள இரண்டு தூண்களுக்கு இடையே அரை அங்குல உயர வித்தியாசம் வந்தாலே செங்கல் சுவரில் வெடிப்பு தெரியத் தொடங்கும். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக, படிப்படியாக ஏறும் வெடிப்பு அதன் அடையாளம்.

உப்பலை அளக்கும் சோதனை எளியது, மலிவானது. செய்யாமல் விடுவதற்கு ஒரு நியாயமும் இல்லை. சூளையில் உலர்த்தி 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண்ணை 10 கிராம் வீதம் இரண்டு 100 மி.லி. அளவுக் குழாய்களில் போடுவார்கள். ஒன்றில் காய்ச்சி வடித்த நீர், மற்றதில் மண்ணெண்ணெய். கிளறிக் காற்றுக் குமிழ்களை நீக்கி 24 மணி நேரம் விடுவார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. அதில் படிவம் 11 மி.லி. குறியில் நின்று, நீரில் 23 வரை ஏறியிருந்தால், வித்தியாசம் 12. அதை 11ஆல் வகுத்தால் உப்பல் 109 விழுக்காடு. 50க்குக் கீழே கவலை குறைவு. 50 முதல் 100 வரை கவனம் தேவை. 100ஐத் தாண்டினால் சாதாரண பூட்டிங்கை நம்பக் கூடாது. 200க்கு மேல் கடுமையான மண். ஒரே குழியில் மூன்றடி, ஆறடி, ஒன்பதடி என மூன்று ஆழங்களில் மாதிரி எடுங்கள். மேல்மண் மட்டும் கரிசலாகவும் கீழே சரளையாகவும் இருந்தால் கரிசலைக் கடந்து சரளையில் அமர்த்திவிடலாம், செலவும் குறையும்.

கரிசல் ஆழமாகப் போனால் ‘அண்டர் ரீம்டு பைல்’ நம் நாட்டிலேயே, ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த நல்ல வழி. ஈரம் மாறும் மேல்படிவத்தைத் தாண்டி, குறைந்தது மூன்றரை மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, அடியில் தண்டின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு விட்டத்தில் குமிழ் வெட்டி கான்கிரீட் நிரப்புவது. மேல்மண் உப்பித் தூக்கினாலும் குமிழ் பிடித்துக்கொள்ளும். இதில் நடக்கும் பெரிய கோளாறு, குமிழ் வெட்டப்படாமலே போவது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கான்கிரீட் கணக்கில் தெரியும். 30 செ.மீ. விட்டம், மூன்றரை மீட்டர் ஆழமுள்ள வெறும் தண்டு ஏறத்தாழ 9 கன அடி கான்கிரீட் பிடிக்கும், 75 செ.மீ. குமிழும் சேர்ந்தால் 11 கன அடிக்கு மேல். ஒன்பதிலேயே நிரம்பிவிட்டது என்றால் அடியில் குமிழ் இல்லை, அல்லது சரிந்த மண் கிடக்கிறது. ஒவ்வொரு பைலுக்கும் எத்தனை பாண்டு கான்கிரீட் இறங்கியது என்று நோட்டில் எழுத ஒரு ஆளை நிறுத்துங்கள்.

பைல் போட்டபின் அதன்மேல் வரும் பீமை மண்மீது படுக்கவைத்தால் செய்த வேலை அத்தனையும் வீண். பீமின் அடியில் 80 மி.மீ. இடைவெளி விட வேண்டும், மண் உப்பினால் அந்த வெற்றிடத்தில் உப்பட்டும் என்று. தோண்டிய கரிசலையே பேஸ்மென்ட்டுக்குள் திரும்பக் கொட்டுவது இன்னொரு பழக்கம். வண்டி வாடகை மிச்சம். ஆனால் தரை டைல்ஸ் தூக்கிக்கொண்டு வரும். உப்பாத கிராவல் மண்ணை அரை அடி அரை அடியாகப் பரப்பி, நீர் தெளித்து இடித்து நிரப்புங்கள். குழியில் வெறும் மணலைக் கொட்டினால் உப்பல் நின்றுவிடும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. சுற்றிலும் நீர் விடாத களி, நடுவில் மணல் என்றால் மழைநீர் அங்கே தொட்டியாகத் தேங்கி அடியில் உள்ள கரிசலை ஊறவைக்கும். வீட்டைச் சுற்றி ஐந்தாறு அடி அகலத்துக்கு வெளிப்புறம் சரிவாகத் தளம் போடுங்கள். குளியலறைக் குழாய்க் கசிவையும் செப்டிக் டேங்க்கையும் கடைக்காலிலிருந்து தள்ளி வையுங்கள். வேகமாக நீர் குடிக்கும் மரங்களைச் சுவரோரம் நடாதீர்கள்.

தூர்ந்த கிணறு குழியில் தட்டுப்பட்டால் மண்ணைப் போட்டு மூடிவிட்டு மேலே பூட்டிங் போடும் வேலை இன்றும் நடக்கிறது. அந்தத் தூண் மட்டும் இறங்கும், மற்றவை நிற்கும், நடுவில் உள்ள சுவர் கிழியும். தூணை நகர்த்தலாம், கிணற்றுக்கு இருபுறமும் தாங்கி மேலே பீம் கடத்தலாம், ஆழம் குறைவென்றால் உறுதி மண் வரை தோண்டி மெலிந்த கான்கிரீட்டால் நிரப்பலாம். எது என்பதைப் பொறியாளர் வரைந்து கொடுத்த பிறகே வேலை தொடர வேண்டும். பாதி பாறையிலும் பாதி மண்ணிலும் வீடு நிற்கும் இடங்களிலும் இதே கதைதான்.

கடலோரத்திலும் உப்பள வட்டாரங்களிலும் மண், நிலத்தடி நீர் இரண்டிலும் சல்பேட், குளோரைடு அளவு பார்க்க வேண்டும். ஐ.எஸ். 456 அட்டவணைப்படி மண்ணில் சல்பேட் 0.2 விழுக்காட்டைத் தாண்டினால், அல்லது நீரில் லிட்டருக்கு 0.3 கிராமைத் தாண்டினால், சிமெண்ட் வகையையும் அளவையும் மாற்ற வேண்டும். குளோரைடும் சேர்ந்திருந்தால் ‘சல்பேட் ரெசிஸ்டிங்’ சிமெண்டைவிடக் கசடு கலந்த ஸ்லாக் சிமெண்டே கம்பியைக் காக்கும்.

கடைசியாக, கான்கிரீட் போடும் நாள். அறிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் குழியின் அடி கலைந்திருந்தால் பயனில்லை. ஜே.சி.பி. பல் பட்ட அடிமண் தளர்ந்திருக்கும். ஆகவே கடைசி அரை அடியை இயந்திரத்துக்கு விடாமல், பி.சி.சி. (பூட்டிங்குக்கு அடியில் வரும் கம்பியில்லாத கான்கிரீட்) போடும் அன்று காலையில் ஆள் வைத்து மண்வெட்டியால் வெட்ட வேண்டும். தோண்டிய குழியை நாள்கணக்கில் திறந்து போடாதீர்கள். வெயிலில் கரிசல் வெடிக்கும், மழையில் அடி சேறாகும். மழை பெய்துவிட்டால் தண்ணீரை இறைத்து, சேற்றை உறுதி மண் வரை சுரண்டி எடுத்து, குறைந்த ஆழத்தை பி.சி.சி.யால் நிரப்புங்கள், தளர்மண்ணால் அல்ல. 12 மி.மீ. கம்பியை ஒவ்வொரு குழியிலும் ஐந்து இடங்களில் கையால் அழுத்திப் பாருங்கள். ஒரு குழியில் மட்டும் சுலபமாக இறங்கினால் அங்கே வேலையை நிறுத்துங்கள். எல்லாக் குழியிலும் சோதனை அறிக்கையில் சொன்ன அதே மண் வந்திருக்கிறதா என்று பொறியாளர் நேரில் பார்த்த பிறகே நான்கு அங்குல பி.சி.சி. போட வேண்டும். புகைப்படத்தில் பார்த்து “போடுங்க” என்று சொல்வதை ஏற்காதீர்கள்.

அரசுக்கு வைக்கும் கோரிக்கை சிறியது. சுயசான்றுப் படிவத்தில் ஆறு விவரங்களைச் சேருங்கள்: துளையின் ஆழமும் தேதியும், மண் வகை, மழைக்கால நீர்மட்டம், உப்பல் விழுக்காடு, எந்த ஆழத்தில் என்ன தாங்குதிறன், ஆய்வு செய்தவரின் பதிவு எண். அறிக்கையை அதோடு இணைக்கச் சொல்லுங்கள். அனுமதியைத் தாமதப்படுத்த வேண்டியதில்லை. அதே நாளில் கொடுங்கள். இந்த விவரங்கள் சர்வே எண்வாரியாகச் சேர்ந்துவந்தால், சில ஆண்டுகளில் ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு மண் வரைபடம் கிடைத்துவிடும். சிறு வீட்டுக்காரர்களின் ஆய்வுச் செலவைக் குறைக்க, அரசுப் பாலிடெக்னிக் ஆய்வகங்களில் உப்பல் சோதனைக்கும் மண் வகைச் சோதனைக்கும் மலிவான கட்டணம் நிர்ணயிக்கலாம். தங்கள் நாளிதழின் வீட்டுமனைப் பக்கங்களிலும் மாவட்டவாரியாக மண் வகைகளைப் பற்றி எழுதினால், வடகிழக்குப் பருவமழைக்கு முன் கடைக்கால் தோண்ட இருப்பவர்களுக்கு உடனே பயன்படும்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர்,
விருதுநகர் மாவட்டம்.